எலும்பனுக்கு இன்னும் தெரியாது

ஜூலை 7, திங்கள்

வெயில். எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. மந்தைவெளியில் 8.20 ரயில். சீசன் டிக்கெட் தரமணி வரை. இறங்கியது இரண்டு ஸ்டேஷன் முன்னால், இந்திரா நகரில். தரமணி வரை போனால் பழைய ஆபீஸ் ஆட்கள் யாராவது தோளில் தட்டித் தொலைப்பார்கள்.

வேலை போய் ஐந்தாவது வாரம். பிலோவுக்கு இன்னும் தெரியாது. பதினான்கு வருடக் கல்யாணத்தில் அவளிடம் மறைத்த முதல் பெரிய விஷயம் இதுதான். (சின்ன விஷயங்கள்: சிகரெட், இரண்டு முறை. அவள் தம்பியின் பைக்கில் விழுந்த கீறல்.)

ஸ்டேஷனின் முதல் மாடி. கடைகளுக்கென்று கட்டி, கடையே வராமல்போன பெரிய கூடம். புறாக்கள். மூலையில் ஒரு சிமென்ட் மேடை. இப்போதைக்கு என் சீட். மேலே ரயில் போகும்போது லேசாக அதிரும். அந்த நேரத்தில் பிரஷ்ஷைத் தூக்கிக்கொள்ள வேண்டும். இன்றுதான் கற்றுக்கொண்டேன்.

பையில்:
லேப்டாப் கிடையாது.
டிபன் பாக்ஸ். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு.
பிரஷ் மூன்று. பெயின்ட் குப்பி ஏழு. கிழிந்த பனியன்.
ஐ.டி. கார்டின் கயிறு. கார்டை வாங்கிக்கொண்டார்கள், கயிறு வேண்டாம் என்றார்கள்.
டிராகன்.

டிராகன், நண்பன் செந்தில் போன வருடம் என் பிறந்தநாளுக்குக் கொடுத்தது. ரெசின் பொம்மை. இறக்கையை விரித்தால் இரண்டு கை அகலம். உடம்பெல்லாம் எலும்பு, அங்கங்கே தொங்கும் தோல். நேற்றுவரை டப்பாவை விட்டு வெளியே வரவில்லை. ஆபீஸ் இருந்தபோது பெயின்ட் அடிக்க நேரம் ஏது. எங்கள் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில், போன கதையின் ராட்சதன் சாம்பல் நிற முதல் பூச்சோடு வந்தான், அதே பூச்சோடு செத்தான்.

இன்று கறுப்புப் பூச்சு. காய இரண்டு மணி நேரம். உட்கார்ந்திருந்தேன். நேரத்துக்கா பஞ்சம்.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் மேகம். மழை இல்லை.

கூடத்தைப் பெருக்கும் கன்னிம்மா இன்று துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றது. இத்தனை நாள் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போகும்.

"இன்னா சார் அது, பல்லியா?"

"டிராகன். றெக்க வெச்ச பாம்பு மாதிரி. நெருப்பு கக்கும்."

"எலும்பால்ல கீது?"

"செத்துப்போன டிராகன்."

"செத்துப்போச்சுன்னா இன்னாத்துக்கு நின்னுகினு கீது?"

விளையாட்டுக்கு என்றேன். என்ன விளையாட்டு என்றது. தாயம் மாதிரி பகடை உருட்ட வேண்டும், ஆனால் கட்டம் கிடையாது, கதைதான் உண்டு என்றேன். நான் கதை சொல்வேன், மற்றவர்கள் கதைக்குள் ஆளாக வருவார்கள். சண்டையா, பேச்சா, ஓட்டமா, அவர்கள் இஷ்டம். பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். வில்லன் எல்லாம் என் பொறுப்பு.

"யாரு ஜெயிப்பா?"

"ஜெயிக்கிறதெல்லாம் இல்ல."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. எதற்குச் சரி என்று தெரியவில்லை.

விலா எலும்புகளுக்கு மஞ்சளும் பழுப்பும். மொத்தம் இருபத்தாறு விலா. இன்று ஒன்பது.

ஜூலை 10, வியாழன்

கன்னிம்மா கேட்டது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வில்லன் கிடைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைக்கான குறிப்பு:

- டிராகன் செத்து முந்நூறு வருடம். அதற்குத் தெரியாது.
- காத்த ராஜ்யம் அழிந்துவிட்டது. அதுவும் தெரியாது. தினமும் காலையில் கோட்டை வாசலுக்கு வந்து நிற்கும்.
- வருபவர்களிடம் அனுமதிச் சீட்டு கேட்கும். இல்லாவிட்டால் எரிக்கும்.
- வாளால் சாகாது. மந்திரத்தால் சாகாது.
- யாராவது அதன் முகத்தைப் பார்த்து "நீ செத்துவிட்டாய்" என்று சொன்னால் விழும்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். யாரைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தும் ஒன்றும் ஆகவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைக் கிள்ளிப் பார்ப்போமே, அது மாதிரி. கை இருக்கிறது, உதடு இருக்கிறது, கிள்ளியது மட்டும் தெரியவில்லை.

ஆறேகாலுக்கு வீடு. பிலோ பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்புக் கணக்கு.

"ரெவ்யூ எப்டிப்பா போச்சு?"

"மூச்சு விட நேரமில்ல."

இந்த வாரப் பொய்கள்: ரெவ்யூ. புது மேனேஜர். ஏ.சி. ரிப்பேர் (சட்டை வியர்வைக்கு).

ஜூலை 13, ஞாயிறு

காலைப் பூசை. மன்றாட்டில் "வேலை இல்லாதவர்களுக்காக" என்று வாசித்தார்கள். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லாரோடும் சேர்ந்து சொன்னேன். பக்கத்தில் பிலோ. என் குரல் கொஞ்சம் தூக்கலாக இருந்ததோ என்று அப்புறம் ஒரே கவலை.

மூன்று மணிக்கு ஆட்டம், எங்கள் சாப்பாட்டு மேஜையில். விளையாட மூன்று பேர்.

பிலோ: வைத்தியப் பெண்ணாக வருவாள். காயத்தை ஆற்றும் மந்திரம்.
செந்தில்: வாள்வீரன். தி.நகரில் குடும்பப் பாத்திரக் கடை. ஞாயிறு கூட்டம் அள்ளும் நாள், ஆனாலும் அண்ணனிடம் சர்ச்சுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறான். அவர்கள் திருச்செந்தூர் முருகனுக்கு மொட்டை போடும் குடும்பம். அண்ணன் இதுவரை ஏன் என்று கேட்கவில்லை.
வசு: மந்திரவாதி. பிலோவின் ஸ்கூலில் சயின்ஸ் டீச்சர். வடக்கு மாட வீதிப் பக்கம் வீடு.

பெயின்ட் முடியாததால் டிராகனை மேஜையில் வைக்கவில்லை. குரல் மட்டும் கொடுத்தேன். "அனுமதிச் சீட்டு இருக்கா? யார் கையெழுத்து போட்டது? முத்திரை எங்கே?" செந்தில் சிரித்துச் சிரித்து இருமினான். "டே, இது தாலுகா ஆபீஸ் டிராகன்டா!" எலும்பன் என்று பெயர் வைத்தது அவன்தான். பிலோவும் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள்.

இரண்டு மணி நேரம் அடித்தார்கள். எலும்பன் சாகவில்லை.

"என்ன லாரன்ஸ், எத்தனை அடிச்சாலும் சாகமாட்டேங்கறதே! நீ கள்ளாட்டம் ஏதாவது பண்ணிண்டு இருக்கியா?" வசு.

கள்ளாட்டம் இல்லை, விதி அப்படி என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

இறக்கை. கண் வலி. தோலுக்கு ஊதாவும் சாம்பலும் கலந்து தண்ணீராக ஐந்து பூச்சு, அதன்மேல் ஒற்றை முடிப் பிரஷ்ஷால் நரம்பு. ஒரு நரம்புக்குப் பத்து நிமிஷம். எண்ணவில்லை. எண்ண வேண்டாம் என்பதுதான் இதில் சுகம்.

கன்னிம்மா பக்கத்தில் குந்தி டீ குடித்தது. எனக்கும் ஒன்று வாங்கிவந்திருந்தது.

"வேல பூட்ச்சா சார்?"

"இல்லயே. லீவு."

"ஒரு மாசமாவா?" என்றது. டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, "போன வருசம் ஒருத்தரு இங்கியே குந்திகினு இருப்பாரு. டை கட்டிகினு. டெய்லி."

"அப்புறம்?"

"பொண்டாட்டி வந்து இட்டுகினு போச்சு."

எப்படித் தெரிந்தது அந்த அம்மாவுக்கு என்று கேட்டேன். கன்னிம்மா என்னைப் பார்த்த பார்வை. நான் இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்டது மாதிரி.

ஜூலை 17, வியாழன்

மாலை மழை, பத்து நிமிஷம். ஒரு கம்பெனியிலிருந்து போன். பதினெட்டு வருட அனுபவம் என்றேன். "ஓ," என்றாள் அந்தப் பெண். தகவல் சொல்கிறோம் என்று வைத்துவிட்டாள். ஒன்றும் தோன்றவில்லை. விட்ட இடத்திலிருந்து வால் எலும்பைத் தொடர்ந்தேன்.

இரவுச் சாப்பாட்டில் பிலோ:

"நாளைக்கு எனக்குத் தரமணில ட்ரெய்னிங்ப்பா. மத்தியானம் ஒரு மணிக்கு விட்டுருவாங்க. உங்க ஆபீஸ் கேன்டீன்ல சேர்ந்து சாப்பிடலாமா? அந்த மீன் கொழம்பு நல்லாருக்கும்னு சொல்வீங்களே."

"கேன்டீன மூடிட்டாங்க. ரெனொவேஷன்."

"அப்ப வெளில எங்கயாவது?"

"கிளையன்ட் கால் இருக்கு, ஒரு மணிக்கு."

"சரிப்பா," என்றாள். ரசம் போட்டாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஏன் சொல்லவில்லை என்று உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். அவள் திட்டினால் தாங்கிவிடுவேன். திட்டமாட்டாள். "பரவால்லப்பா" என்பாள். என் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் வைப்பாள். நானும் உட்கார்ந்து சாப்பிடுவேன். ஒன்றுமே தோன்றாமல் சாப்பிடுவேன், அதை அவள் பார்ப்பாள். வேலை போனதைவிட அது பெரிய விஷயம். மரத்துப்போன ஆளோடு குடும்பம் நடத்துகிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஜூலை 19, சனி

எலும்பன் முடிந்தது. வீட்டு பால்கனியில் கடைசி வார்னிஷ். கண் குழிக்குள் ஒரு பொட்டுப் பச்சை, அதற்குள் அதைவிடச் சின்னதாக வெள்ளை. எங்கிருந்து பார்த்தாலும் நம்மைப் பார்க்கிறது. என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையை முடித்ததில்லை.

ஜூலை 20, ஞாயிறு

எலும்பனை மேஜையில் வைத்தேன். மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அரை நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. மடையன்.

செந்தில் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனும் பெயின்ட் அடிப்பவன்.

"மச்சி, றெக்கைல நரம்பு நரம்பா போட்டுருக்க. பின்பக்கமும் போட்டுருக்க. பின்பக்கத்த எவன்டா பாப்பான்? நாப்பது மணி நேரத்துக்குக் கொறஞ்சு இத முடிக்கவே முடியாது. ஏதுடா ஒனக்கு டைமு?"

"கொஞ்சம் கொஞ்சமா. ஆபீஸ்ல இப்ப வேலை கம்மி."

"மூச்சு விட நேரமில்லன்னு பிலோ சொல்லிச்சே?"

பிலோ எலும்பனை அவனிடமிருந்து வாங்கினாள். இறக்கையின் பின்பக்கத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கணக்கு டீச்சர். வீட்டில் நான் பிரஷ்ஷைத் தொட்டதை நேற்று ஒரு நாள்தான் பார்த்திருக்கிறாள், அதுவும் ஒரு மணி நேரம். மிச்சத்தைப் போட்டுப் பார்க்க அவளுக்குப் பேப்பர் வேண்டாம்.

"டீ போடறேன்," என்று உள்ளே போனாள். டீ வர இருபது நிமிஷம் ஆனது.

இவ்வளவு பொய் சொன்னேன். ஏ.சி., கேன்டீன், கிளையன்ட். ஒன்றிலும் மாட்டவில்லை. ஒரு பொம்மைக்கு ஒழுங்காகப் பெயின்ட் அடித்ததில் மாட்டிக்கொண்டேன். அரைகுறையாக விட்டிருந்தால் உழைக்கிற மனிதன் என்று நம்பியிருப்பாள்.

ஆட்டம் தொடர்ந்தது. ஆறு மணி வாக்கில் வசு மேஜையைத் தட்டினாள். "புரிஞ்சுடுத்து! தான் செத்துட்டோம்னே அதுக்குத் தெரியலை. அதான் தெனம் வாசல்ல வந்து நின்னுண்டு சீட்டு கேக்கறது. யாராவது சொல்லணும், அவ்ளோதான். சொன்னா விழுந்துடும். என்ன லாரன்ஸ்?"

டிஎம் வாயைத் திறக்கக்கூடாது என்றேன். கதை நடத்துகிறவனை அப்படித்தான் சொல்வோம், டிஎம். மேஜையில் என் மூஞ்சியை மறைக்க ஒரு அட்டைத் தடுப்பு வைத்திருப்பேன். இன்று அது போதவில்லை.

அடுத்த வாரம் முடிக்கலாம் என்று எழுந்துவிட்டோம்.

ஜூலை 22, செவ்வாய்

இரண்டு நாளாக ஒன்றும் கேட்கவில்லை. நேற்று டிபன் பாக்ஸில் புளிசாதம். இன்று தக்காளி சாதம், முட்டை இரண்டு. வழக்கமாக ஒன்றுதான்.

காலையில் ஷூ போடும்போது கதவருகே நின்றாள். "கெளம்பிட்டீங்களா?" என்றாள். கிளம்பிட்டேன் என்றேன். இன்னும் கொஞ்சம் நின்றாள். ரயிலுக்கு நேரமாச்சு என்றேன். போகாத ஆபீஸுக்கு ரயில் தவறக்கூடாது.

ஸ்டேஷனில் செய்ய ஒன்றும் இல்லை. எலும்பன் வீட்டில். மேடையில் உட்கார்ந்து புறாக்களைப் பார்த்தேன். முட்டை இரண்டையும் சாப்பிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

புழுக்கம். வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன்.

1. பிலோ, ஒரு விஷயம்.
2. பிலோ, ஆபீஸ்ல ஆள் குறைப்பு.
3. பிலோ, உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்.

மூன்றாவது பரவாயில்லை. கன்னிம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"இன்னா சார் சுத்தி வளச்சிகினு. வேல பூட்ச்சுன்னு சொல்லு. நாலு எழுத்து."

நாலு இல்லை, ஆறோ ஏழோ வரும் என்று எண்ண ஆரம்பித்தேன். கன்னிம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மாலை வீட்டில்: கரண்ட் இல்லை. மூன்று வாக்கியமும் சட்டைப் பையில். பிலோ விசிறிக்கொண்டே பேப்பர் திருத்தினாள். நான் டார்ச் பிடித்தேன். சொல்லவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

பூசை. மட்டன் குழம்பு. மூன்று மணிக்கு வசு, மூன்றேகாலுக்கு செந்தில்.

நிலவரம்: கோட்டை வாசல். செந்திலின் வாள்வீரன் காலடியில் கிடக்கிறான், உயிர்ப் புள்ளி நாலுதான் பாக்கி. வசு தூரத்தில், தூணுக்குப் பின்னால். எலும்பனின் முகத்துக்கு நேரே, பேசினால் கேட்கும் தூரத்தில், பிலோவின் வைத்தியப் பெண் மட்டும்.

பிலோவின் முறை. "சொல்லிடுடி," என்றாள் வசு.

"நான் காத்திருக்கேன்," என்றாள் பிலோ.

விதியில் இடம் உண்டு. உன் முறையில் ஒன்றும் செய்யாமல், இன்னது நடந்தால் செய்வேன் என்று காத்திருக்கலாம். எது நடக்கக் காத்திருக்கிறாய் என்று டிஎம் கேட்டாக வேண்டும். கேட்டேன்.

"அது பேசறதுக்கு."

எலும்பன் பேசியது. அனுமதிச் சீட்டு கேட்டது. "அது இல்ல," என்றாள். எலும்பனின் முறை. நெருப்பு. பகடை உருட்டினேன். வைத்தியப் பெண்ணுக்குப் பாதி உயிர் போனது. எழுதிக்கொண்டாள்.

அடுத்த சுற்று. "காத்திருக்கேன்."

"பிலோ, நா சாவப்போறேன்!" செந்தில் கத்தினான். "ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. சொல்லித் தொலையேன்!"

"நான் சொன்னா அது விழுந்துடும்." அவள் எலும்பனைப் பார்க்கவில்லை. அட்டைக்கு மேலே என்னைத்தான் பார்த்தாள். "டிஎம். அதுவா சொன்னா என்ன ஆகும்?"

குறிப்பைப் பார்த்தேன். அப்படி ஒன்றை நான் யோசிக்கவே இல்லை.

"அதுக்கு விதி எழுதல."

"அப்ப பாத்துக்கலாம். காத்திருக்கேன்."

மறுபடி எலும்பனின் முறை. பகடை கையில் இருந்தது. இன்னொரு நெருப்பு விழுந்தால் அவள் ஆள் காலி. அவளுக்கும் அது தெரியும். இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபேன் சத்தம். கீழே தெருவில் இஸ்திரி வண்டிக்காரரிடம் யாரோ சட்டைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எலும்பனின் குரலில்தான் ஆரம்பித்தேன். அந்தக் கரகரப்பு இரண்டு சொல்லோடு நின்றுவிட்டது. மிச்சம் என் குரலில் வந்தது.

"எனக்கு வேலை போயிடுச்சு. ஏழு வாரம் ஆச்சு."

வசு வாயைப் பொத்திக்கொண்டாள். செந்தில் பகடையைக் கீழே வைத்தான்.

"எட்டு," என்றாள் பிலோ. "மே கடைசி வெள்ளிக்கெழம. வந்து ஷூவக்கூட கழட்டாம சாப்பிட ஒக்காந்தீங்க. ஏதோ ஆயிடுச்சுன்னு அன்னிக்கே தெரியும். என்னன்னு போன ஞாயித்துக்கெழமதான் தெரிஞ்சுது."

ஆமாம். வெள்ளிக்கிழமைதான் சொன்னார்கள். அதன் பிறகு ஒரு வாரம் கணக்கு ஒப்படைக்கப் போனேன். நான் கடைசி நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன், அவள் நான் மரத்துப்போன நாளிலிருந்து.

"சொல்லிருக்கணும்," என்றேன். "சொன்னா எதுவும் தோணாதுன்னு பயம். இப்பவும் எதுவும் தோணல, பிலோ."

பரவாயில்லை என்று சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பகடையை எடுத்தாள்.

"அது பேசிடுச்சு. இப்ப என் முறை."

"என்னடி பண்ணப்போறே?" வசு.

"வைத்தியம். எலும்பனுக்கு."

"செத்ததுக்கு வைத்தியம் வேலை செய்யாது பிலோ," என்றான் செந்தில். மெதுவாகத்தான் சொன்னான். "விதிப்படி, இன்னும் நோவும்."

"டிஎம் சொல்லட்டும்."

அட்டைத் தடுப்பை மடித்து வைத்தேன். உருட்டு என்றேன்.